ஹட்டனுக்குப் போன வினைச்சொல்

முதல் மூன்று குகைகளைச் சரியாக எண்ணினேன். நான்காவதில் சந்தேகம் வந்துவிட்டது. குகைக்குள் போன ரயில் வெளியே வந்தால் வெளிச்சம் இருக்கவேண்டும். இந்த மலையில் குகைக்கு வெளியேயும் ஒரு வெள்ளை இருட்டு இருந்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மூன்று முறை துடைத்தேன். பிறகுதான் துடைக்கவேண்டியது மலையை என்று தெரிந்தது.

எழுபத்தொரு வயதில் கீழக்கரையை விட்டு, கடல் தாண்டி, காது அடைக்கும் உயரத்துக்கு ஒருவன் எதற்காக ஏறவேண்டும்? ஒரு கடிதத்துக்காக. ஹட்டனில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் எங்கள் ஊர்க்காரர் மீரான் சாகிபு எழுதியிருந்தார். முப்பது ஆண்டுகளுக்கு முன் நான் அரபியிலிருந்து தமிழாக்கிய சிறுநூல் ஒன்று உண்டு. அறுபத்து நான்கு பக்கம். ஆதி முஸ்லிம்களிடையே எழுந்த கருத்து வேறுபாடுகளைச் சொல்லும் செய்திகளில் எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்று விளக்கும் நூல். ஹட்டன் பள்ளிவாசலில் ஓதவும் பாங்கு சொல்லவும் இருக்கும் லெப்பை அதை அஸர் தொழுகைக்குப் பின் வாசித்திருக்கிறார். நபித்தோழர் ஒருவர் இன்னொரு நபித்தோழரை வீடு தேடிப் போய் ஏசியதாக அவர் வாசித்ததாகச் சொல்லி, பாதி ஜமாஅத் எழுந்து போய்விட்டதாம். 'லெப்பையின் வேலை போகும் நிலையில் இருக்கிறது. நூலை எழுதியவரே வந்து சொன்னால் இரு பக்கமும் கேட்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்' என்று முடித்திருந்தார்.

அந்தப் பெரியவர்கள் இருவரின் பெயரை இங்கே எழுதமாட்டேன். அவர்களுக்கிடையே நடந்ததைப் பற்றி நாவை அடக்குவதே எங்கள் ஆசிரியர்கள் காட்டிய வழி. ஆனால் 'ஏசினார்' என்று நான் எழுதவில்லை என்பது மட்டும் எனக்கு நிச்சயம். லெப்பை தன் கைச்சரக்கைச் சேர்த்திருக்கிறார் என்று எண்ணி, வழி நெடுக அவர்மேல் கோபத்தோடு வந்தேன்.

ஓரிடத்தில் ரயில் நின்றது. பத்து நிமிடம், இருபது, நாற்பது. கார்டு சிங்களத்தில் ஏதோ சொல்லிக்கொண்டு போனார். எதிரே இருந்த தோட்டத்துப் பெண்ணைப் பார்த்தேன்.

"மண்ணு சரிஞ்சிருச்சாம் ஐயா. 'மலைக்குத் தூக்கம் வந்தா நான் என்ன செய்யட்டும்'ங்கிறாரு" என்று அவள் மொழிபெயர்த்தாள். அவளுடைய கணவன் துணிமூட்டையின்மேல் தலை வைத்து உறங்கிக்கொண்டிருந்தான். மூட்டையிலிருந்து ஒரு ரொட்டியை உருவி என்னிடம் நீட்டினாள். கோதுமை மாவில் தேங்காய்ப்பூ போட்டுத் தட்டியது, கையளவு கனம். நடுவில் செக்கச்செவேலென்று ஒரு மிளகாய்ச் சம்பல். எங்கள் ஊர்ப் புரோட்டா இதன் முன்னால் பஞ்சுமிட்டாய். ஒன்று தின்றதற்கு நான்கு முறை விக்கினேன்.

"மெதுவா ஐயா. ரயிலே நிக்கிது, நீங்க ஏன் ஓடுறீங்க?" என்றாள்.

வெளியே பனி சற்று விலகியது. தேயிலைச் செடிகள் வரிசையாக, இடுப்பளவு உயரத்தில், சரிவு முழுவதும் தலை வாரி விட்டதுபோல் நின்றன. எண்ணத் தொடங்கினேன். இருநூறு வரை போனதும் பனி மறுபடி மூடிக்கொண்டது. விட்ட இடத்திலிருந்து தொடர வழியில்லை.

ஹட்டனில் இறங்கியபோது திங்கட்கிழமை மாலை. பெட்டியில் மூன்று வேட்டி, இரண்டு சட்டை, ஒரு போர்வை இருந்தன. எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டும் குளிர் போகவில்லை. மீரான் சாகிபு வீட்டில் இஞ்சி தட்டிப் போட்ட வெறும் தேநீர் கொடுத்தார்கள். பால் ஊற்றாத தேநீரை வெறுந்தேத்தண்ணி என்கிறார்கள். கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு குடிக்கவேண்டும். ஐந்து கோப்பை குடித்தேன். ஐந்தாவதில்தான் விரல்கள் என்னுடையவை என்று தெரிந்தது.

அப்போது லெப்பை வந்தார். நான் மனத்தில் திட்டித் தீர்த்திருந்த மனிதர் வேறு. இவர் நாற்பது வயதிருக்கும், ஒல்லி, சால்வைக்குள் கழுத்து தனியாக நின்றது. என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"ஹஸரத், உங்க புத்தகத்துல இருந்ததுக்கு மேல ஒரு புள்ளிகூட நான் வைக்கல. ஆனா நாப்பது நாளா வாசிப்ப நிறுத்திவச்சிட்டாங்க. பாங்கு மட்டும் சொல்றேன்."

அவர் சொன்ன மற்றதுதான் என்னை உறுத்தியது. அவரும் இந்தியாவிலிருந்து வந்தவர். சுதந்திரம் வந்தபின் இங்கே எல்லாவற்றுக்கும் தாள் வேண்டும். அவர் தங்கும் அனுமதியை ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும். அந்த விண்ணப்பத்தில் பள்ளிவாசல் தலைவர் ஹாஜியார் கையெழுத்துப் போடவேண்டும். வரும் திங்கட்கிழமைக்குள் அது கண்டிக் கச்சேரிக்குப் போய்ச் சேரவேண்டும். அரசாங்க அலுவலகத்துக்கு இங்கே அப்படிப் பெயர். விண்ணப்பம் நாற்பது நாளாக ஹாஜியாரின் சட்டைப் பையில் இருக்கிறது.

"கையெழுத்து விழாவிட்டால்?" என்றேன்.

"நான் போகணும். பெண்டாட்டி இங்க பொறந்தவ. மூணு பொம்பளப் புள்ளைங்க. அவங்க எந்தப் பக்கம்னு தாள்தான் சொல்லணும்."

அவர்மேல் கொண்டுவந்த கோபத்தை என்ன செய்வதென்று தெரியாமல் ஆறாவது தேநீரையும் குடித்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை பள்ளிவாசலில் கூடினார்கள். பள்ளி கடைத்தெருவுக்கு மேலே. முப்பத்தெட்டுப் படி. பத்தொன்பதாவதில் நின்று மூச்சு வாங்கினேன். உள்ளே ஒரு பக்கம் எங்கள் ஊர்ப் பக்கத்து வியாபாரிகள். மறுபக்கம் இலங்கை முஸ்லிம்கள், கண்டிப் பக்கத்திலிருந்து வந்து கடை வைத்தவர்கள். நடுவே ஒரு ஆள் படுக்கும் அளவு பாய் காலியாகக் கிடந்தது.

ஹாஜியாரை அங்கேதான் கண்டேன். அறுபது வயது, வெள்ளைத்தாடி, நிதானமான கண். கையில் ரோஜாநீர்ச் செம்போடு எழுந்து வந்து என்னை வரவேற்றார். "கஷ்டப்பட்டு வந்தீக்கிறீங்க ஹஸரத். நீங்க செல்றத நாங்க கேப்போம். தோழர்மார்ட கண்ணியம்தான் எங்களுக்குப் பெரிசு. வேற ஒண்டும் இல்ல."

புத்தகத்தை வாங்கி நாற்பத்தோராம் பக்கத்தைத் திறந்தேன். எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தேன். 'தீர்ப்பு ஒன்றில் இருவருக்கும் கருத்து வேறுபட்டது. மறுநாள் இவர் அவருடைய வீட்டைத் தேடிச் சென்று பேசினார். அவர் மறுமொழி ஒன்றும் சொல்லவில்லை.'

புத்தகத்தை மூடினேன். "இவ்வளவுதான். இதற்கு மேல் ஒரு சொல் கிடையாது" என்றேன். எங்கள் ஊர்க்காரர்கள் தலையை ஆட்டி, வென்றுவிட்டதாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஹாஜியாரும் தலையை ஆட்டினார். "அல்ஹம்து லில்லாஹ். அதைத்தானே நாங்களும் செல்றோம், ஹஸரத். நீங்களே வாசிச்சிட்டீங்களே" என்றார். அவர் பக்கத்தாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் முகத்திலும் அதே வெற்றி.

இப்படி ஒரு சபையை நான் கண்டதில்லை. ஒரே வரியைக் காட்டி இரு தரப்பும் வென்றிருக்கிறது. ஹாஜியார் என் காதருகே குனிந்து, "இந்த அறிவிப்பு பலவீனமானது எண்டு ஒங்கட வாயால ஒரு வார்த்த செல்லிடுங்க. அது போதும்" என்றார். நான் எப்படிச் சொல்வேன்? அதை ஒருவர் வாயிலிருந்து ஒருவர் கேட்டுக் கொண்டுவந்த அறிவிப்பாளர் தொடரை முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒவ்வொருவராகச் சரிபார்த்தவன் நான். ஐந்து பேர். ஐவரும் நம்பத்தக்கவர், ஒவ்வொருவரும் முந்தியவரை நேரில் கண்டவர். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் பதில் சொல்வதாகக் கூறி எழுந்துவிட்டேன்.

அன்று மதியம் வட்டிலப்பம் வைத்தார்கள். முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து எங்கள் ஊரிலும் இதைச் செய்வோம், ஆனால் இங்கே கித்துள் மரத்துக் கருப்பட்டி போடுகிறார்கள். நிறம் கறுப்பு, வாசனை புகை. இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தேன். ஜன்னல் வழியே பனி அறைக்குள் வந்து பெட்டியின்மேல் உட்கார்ந்தது. அரைத் தூக்கத்தில், தேயிலை வரிசைகளுக்கிடையே நீள அங்கி அணிந்த ஆட்கள் நடப்பதுபோல் இருந்தது. ஒருவர் முன்னால் போகிறார். மற்றவர் பின்னால் கூப்பிட்டுக்கொண்டே போகிறார். கூப்பிடும் குரல் கேட்கிறது, சொல் கேட்கவில்லை. என் வாழ்நாள் முழுவதும் நான் படித்த செய்திகள் எல்லாம் இவ்வளவுதானோ என்று தோன்றியது. தூரத்துச் சரிவில் யாரோ யாரிடமோ ஏதோ சொன்னார்கள். நமக்கும் அவர்களுக்கும் நடுவே இந்தப் பனி.

விழித்தபோது போர்வை ஈரமாக இருந்தது. ஜன்னலைச் சாத்தாதது என் தவறு.

புதன்கிழமை விசாரணையில் இறங்கினேன். பழைய அறிஞர்கள் ஒரு செய்தியைச் சோதிக்கும் முறையில்தான். யார் சொன்னார்? அவர் யாரிடம் கேட்டார்? அங்கே இருந்தாரா? சொல்லுக்குச் சொல் சொல்கிறாரா, பொருளை மட்டும் சொல்கிறாரா? கடை கடையாகப் போனேன். பதினேழு பேர். அவர்களில் ஒன்பது பேர் அன்று பள்ளிக்கே வரவில்லை, வந்ததாக நம்பிக்கொண்டிருந்தார்கள். மூவர் பாதியில் எழுந்து போனவர்கள். மிச்சம் ஐந்து. ஐவரும் புத்தகத்தின் சொல்லையே திருப்பிச் சொன்னார்கள், ஆனால் ஏதாவது ஒரு பக்கத்து ஆட்கள். லெப்பை தன் குரலால் எதையோ கூட்டிக் காட்டியிருப்பாரோ என்ற சந்தேகம் மட்டும் எனக்கு மிஞ்சியது.

"ரெண்டு பக்கமும் சேராத ஆள் ஒருத்தர் இருந்தார்" என்றார் லெப்பை யோசித்து. "ஜன்னலுக்குக் கீல் போட வந்த ஆசாரி. சூசைன்னு பேரு. தலவாக்கலைக்கு அந்தப் பக்கம் தோட்டத்துல இருக்கார். கத்தோலிக்கர்."

மீரான் சாகிபு சிரித்துவிட்டார். "நபித்தோழர் விஷயத்துக்குச் சூசை சாட்சியா, ஹஸரத்?"

"நபித்தோழர் விஷயத்துக்கு அல்ல. லெப்பை விஷயத்துக்கு" என்றேன்.

இதைக் கேள்விப்பட்ட ஹாஜியார் தம்முடைய காரையே அனுப்பிவைத்தார். அந்த நியாயத்தை நான் மறக்கமாட்டேன். ஓட்டுநர் ஜௌபர் கண்டிப் பக்கத்து அக்குறணைக்காரர். நாற்பத்தைந்து வயது, வாய் ஓயாதவர்.

வியாழக்கிழமை காலை புறப்பட்டோம். வளைவுகளை எண்ணினேன், ஐம்பத்திரண்டாவதில் காரின் முன்னாலிருந்து ஆவி கிளம்பியது. ஜௌபர் இறங்கி மூடியைத் திறந்தார். பனியும் ஆவியும் கலந்து கார் இருந்த இடமே தெரியவில்லை. பாறையில் ஒரு நீர்வீழ்ச்சி விழுந்துகொண்டிருந்தது. டின்னில் பிடித்துப் பதினொரு முறை ஊற்றினார். எங்கள் ஊரில் ஒரு குடம் நன்னீருக்கு அரை மைல் நடக்கிறார்கள். இங்கே தண்ணீர் கேட்பாரில்லாமல் சாலையில் விழுந்து சாலையிலேயே ஓடுகிறது. அந்தச் சத்தத்தில் நின்றுகொண்டே தூங்கலாம்போல் இருந்தது.

தோட்டத்துக்குப் போனபோது கொழுந்து நிறுக்கும் நேரம். பெண்கள் கூடைகளோடு வரிசையில் நின்றார்கள். லயம் என்பது ஒரே கூரையின் கீழ் அடுத்தடுத்த அறைகள், காம்பரா என்பார்கள், இதில் பன்னிரண்டு. ஏழாவதின் வாசலில் சூசை ஒரு கதவை இழைத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது, காதில் பென்சில். விஷயத்தைச் சொன்னேன். உளியைக் கீழே வைத்தார்.

"நல்லா ஞாபகம் இருக்குங்க. லெப்பை ஐயா படிச்சாரு, நான் கீலு போட்டுக்கிட்டு இருந்தேன். ரெண்டு பெரிய மனுசங்க. ஒரு தீர்ப்புல ஒத்து வரல. மறுநா இவரு அவரு வீட்டத் தேடிப் போயி பேசினாரு. அவரு பதிலு சொல்லல. அம்புட்டுதாங்க."

"வாசிக்கும்போது லெப்பை குரலை உயர்த்தினாரா? முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டாரா?"

"படிக்கிறப்ப அவருக்கு ஏதுங்க கொரலு? பக்கத்துல நின்னாத்தான் கேக்கும்." சூசை சற்று நேரம் இழைப்புச் சுருளைக் காலால் தள்ளினார். "எனக்கு அது மனசுல ஒட்டிக்கிச்சுங்க. எனக்கும் எங்கண்ணனுக்கும் ஏழு வருசமா ஆகாது. அந்த ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் நேரா அண்ணன் காம்பராவுக்குப் போனேன். போயி பேசினேன்."

என் பின்னால் நின்ற ஜௌபர் 'ச்சு' கொட்டினார். "என்ன மனுஷன் நீ? ஏழு வருஷம் போகாம ஈந்திட்டு, போன ஒடனே பேசினியா? அதுவும் மூத்தவருக்கு?"

"பின்ன? வாயப் பொத்திக்கிட்டு நிக்கச் சொல்றீங்களா, நானா?" என்றார் சூசை. முஸ்லிம் ஆண்களை இங்கே அண்ணன் முறையில் நானா என்று அழைப்பார்கள்.

"நல்ல வார்த்த ரெண்டு செல்லி ஈக்கலாமே!"

"நல்ல வார்த்ததான் பேசினேன்!"

"பேசின எண்டா பேசினதுதானே. அதுல நல்லது என்ன, கெட்டது என்ன? அவர் திருப்பி அடிக்கல்லயா?"

"எதுக்கு அடிக்கிறாரு? ரெண்டு பேரும் அழுதுட்டோம். அண்ணி தேத்தண்ணி குடுத்தாங்க."

"பேசினதுக்குத் தேத்தண்ணியா?" ஜௌபர் என்னைப் பார்த்தார். "ஹஸரத், இந்த ஆளுக்குப் புத்தி சரியில்ல."

"பெரியவங்கள வச்சிக்கிட்டு நீங்கதான் நானா ஒளறுறீங்க" என்றார் சூசை.

நான் ஜௌபரின் கையைப் பிடித்தேன். "ஜௌபர், நேரம் கழித்து நீ காரைக் கொண்டுபோனால் ஹாஜியார் என்ன செய்வார்?"

"பேசுவார்."

"பேசும்போது நீ என்ன செய்வாய்?"

"தலையக் குனிஞ்சிட்டு நிப்பன். மொதலாளி பேசினா பொறுத்துக்கொள்ளத்தானே வேணும். எரும, சோம்பேறி எண்டெல்லாம் வரும்."

"நீயும் நானும் இப்போது வாய் திறந்து சொல்லிக்கொள்கிறோமே, இதற்கு என்ன பெயர்?"

"இதா? கதைக்கிற."

லயத்துப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். சூசையின் மனைவி ஓடிவந்து தண்ணீர் கொடுத்தாள். குளிர்ந்த தண்ணீர். பற்கள் கூசின, எனக்கு மிச்சம் ஆறு பல்.

பதினேழு பேரும் பொய் சொல்லவில்லை. லெப்பை ஒரு புள்ளி கூட்டவில்லை. வீடு தேடிப் போனவர் எங்கள் ஊர்க்காரர் காதில் உரையாடப் போனார். ஹாஜியார் காதில் ஏசப் போனார். பதில் சொல்லாமல் இருந்தவர் ஒரு காதில் மனம் கரைந்து நின்றார். மறு காதில் அவமானத்தோடு நின்றார். மலையில் பிறந்த சூசைக்கு எங்கள் பக்கத்துத் தமிழே வாய்த்திருந்தது, அவருடைய பாட்டன் திருச்சிப் பக்கத்திலிருந்து வந்ததால். 'பேசினார்' என்ற அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தவன் நான். படித்தவருக்கும் படியாதவருக்கும் விளங்கவேண்டும் என்று நான்கு சொற்களை அடித்துவிட்டு, பெருமையோடு, இதை வைத்தேன்.

திரும்பும் வழியில் வளைவுகளை எண்ணவில்லை. அரபி மூலத்தில் இருக்கும் சொல் 'கல்லம'. பேசினார். அதன் வேரிலிருந்தே 'காயப்படுத்தினார்' என்ற பொருளும் கிளைக்கிறது. பேச்சும் புண்ணும் ஒரே வேரில் இருப்பதை மாணவர்களுக்கு முப்பத்தொரு ஆண்டு பாடம் சொன்னேன். என் தாய்மொழியில் அது கடல் தாண்டினால் நடக்கும் என்று எனக்குத் தெரியாது.

இதைக் கொண்டு ஆதி நாட்களின் பிணக்குகள் எல்லாம் வெறும் சொற்குழப்பம் என்று நான் சொல்ல வரவில்லை. வாள் எடுத்த நாட்களும் இருந்தன. அந்த இரத்தத்தை அகராதியால் துடைக்க முடியாது. ஆனால் மதீனாவில் ஒருவர் சொன்னதை பஸராவில் ஒருவர் கேட்டு, கூஃபாவில் ஒருவருக்குச் சொல்லி, திமிஷ்கில் ஒருவர் எழுதிவைத்தபோது, வழியில் எத்தனை லயங்கள், எத்தனை கடைத்தெருக்கள் இருந்திருக்கும்! அறிவிப்பாளரின் நேர்மையை எண்ணினோம், நினைவாற்றலை எண்ணினோம், சந்தித்தாரா என்று எண்ணினோம். அவர் தெருவில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று நான் எத்தனை முறை கேட்டேன்? பனிக்குள் கார் மிதந்து போயிற்று. எனக்கு விடை தெரிந்திருந்தது. ஒரு முறைகூட இல்லை.

வெள்ளிக்கிழமை காலை மீரான் சாகிபிடம் சொன்னேன். அவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

"அப்ப நாமதான் சரி! பேசுறதுன்னா பேசுறதுதான்னு உலகத்துக்கே தெரியும். அவங்க தமிழ் தப்புன்னு சபையில சொல்லிடுங்க, ஹஸரத். நாப்பது நாளா எங்கள நிமிந்து பாக்க விடல."

இடியப்பத்தில் சொதியை ஊற்றிக்கொண்டு யோசித்தேன். அப்படிச் சொன்னால் என் புத்தகம் தப்பும். லெப்பைமேல் குற்றமில்லை என்றும் ஆகும். ஆனால் கையெழுத்துப் போடவேண்டியவர் ஹாஜியார். தோழர்களின் கண்ணியத்துக்காக வருந்தியவரைப் பார்த்து, சபை நடுவே, உமக்குத் தமிழ் தெரியாது என்று சொன்னபின் அவருடைய பேனா எப்படித் திறக்கும்? ஒன்பது இடியப்பம் தின்றேன். ஒன்றும் இறங்கவில்லை.

ஜும்ஆ முடிந்ததும் எழுந்தேன். நடுவில் காலியாகக் கிடந்த பாயிலேயே நின்றுகொண்டேன்.

"நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு பிழை இருக்கிறது. லெப்பையுடைய பிழை அல்ல. அச்சுக்கூடத்தின் பிழையும் அல்ல. என்னுடையது. ஒரு ஊரின் தமிழை மட்டும் காதில் வைத்துக்கொண்டு, எல்லா ஊருக்கும் புத்தகம் எழுதினேன்."

பிறகு லயத்து வாசலில் நடந்ததைச் சொன்னேன். ஜௌபர் பின்வரிசையில் முகத்தைப் பொத்திக்கொண்டார். ஹாஜியார் என்னையே பார்த்தபடி இருந்தார்.

"அப்ப அவர் ஏசல்லயா?"

"ஏசவில்லை, ஹாஜியார். நீங்கள் சொல்வீர்களே, கதைத்தார்."

எங்கள் ஊர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல் சீறியது. "கதை அளந்தாரா? என்ன ஹஸரத் இது, நபித்தோழரைப் போய்!"

மீரான் சாகிபு பாதி எழுந்தே விட்டார். இலங்கைக்காரர்கள் திகைத்துப் பார்த்தார்கள். கதைத்ததில் என்ன குற்றம் என்று அவர்களுக்கு விளங்கவில்லை. நாற்பது நாளுக்கு முன் எங்கள் ஊர்க்காரர்களிடம் இருந்த திகைப்பு அப்படியே அவர்கள் பக்கத்துக்கு இடம் மாறியிருந்தது. முதலில் விளங்கியது ஹாஜியாருக்கு. அவர் தோள் குலுங்கியது. "மீரான் நானா, ஒங்களுக்கும் வலிக்கிதா?" என்று கேட்டார். மீரான் சாகிபு நின்ற நிலையிலேயே நின்றார். பிறகு மெல்ல உட்கார்ந்தார். உட்கார்ந்த இடம் நடுப்பாய்.

அதன்பின் ஒரு மணி நேரம் சொல் தேடினோம். 'சொன்னார்' என்றால் என்ன சொன்னார் என்று கேட்டார்கள். 'மொழிந்தார்' கூத்து மேடைபோல் இருக்கிறது என்றார் ஒருவர். 'உரையாடினார்' என்றேன். இரு பக்கமும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தது. இரு ஊரிலும் யாரும் வீட்டில் சொல்லாத சொல். ஆகையால் எந்த ஊரிலும் யாரையும் காயப்படுத்தியதில்லை.

ஹட்டனில் என் நூலின் பிரதிகள் பதினொன்று இருந்தன. எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லி, மடியில் வைத்து, பதினொரு முறை அடித்து, பதினொரு முறை எழுதினேன். ஏழாவது பிரதியில் மை சிந்தியது.

ஹாஜியார் ஒரு பிரதியை எடுத்து லெப்பையிடம் நீட்டினார். லெப்பை வாங்கவில்லை, தலைவரின் முகத்தைப் பார்த்தார். பின்பு வாங்கி உட்கார்ந்து விரித்தார். சூசை சொன்னது சரி, குரலே இல்லை. எல்லோரும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

'தீர்ப்பு ஒன்றில் இருவருக்கும் கருத்து வேறுபட்டது. மறுநாள் இவர் அவருடைய வீட்டைத் தேடிச் சென்று...'

அங்கே நின்றுவிட்டார். புதிய மை கண்ணெதிரே இருக்கிறது, வாசிக்க வாய் வரவில்லை. அவருடைய விரல் அந்த வரியின் கீழேயே நின்றது.

"படிங்க, லெப்பை" என்றார் ஹாஜியார். "நிப்பாட்ட வேணாம்."

அவர் படித்தார். அந்தச் சொல்லைத் தாண்டினார், பக்கத்தையும் தாண்டினார். ஹாஜியார் கேட்டுக்கொண்டே சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்து முழங்காலின்மேல் விரித்து நீவினார். பிறகு, கண்ணை லெப்பையிடமிருந்து எடுக்காமலே, என் பக்கம் கையை நீட்டினார். பேனாவைக் கேட்கிறார் என்று எனக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று.